பெண் பார்க்கப் போன பிளசரின் பின்விளக்கு

மாமாவின் பிளசர் இன்றைக்கும் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகு, மதுரையிலிருந்துகூடப் பிள்ளைகள் அதைத் தேடி வருகிறார்கள். உருண்டை மூக்கும் பெரிய கண்களுமாக இருக்கும் அதன் முகத்தில் சாய்ந்து நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். பின்பக்கம் யாரும் போவதில்லை. எனக்கோ அந்த வண்டி என்றாலே பின்பக்கம்தான். என் பத்தாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதன் பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்குமாக நான் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்தக் காரை எப்படியோ பேசி வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, நாலு வருஷம் அதனோடேயே கிடந்து ஓட வைத்தார். அப்போதே அது கிழட்டு வண்டி. ஊரில் வயதானவர்கள் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். கம்பெனியில் கழித்துப் போடுகிற பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து, புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக அதைத் துடைப்பார்.

மாமாவுக்கு முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. நாலு இடம் தட்டிப் போயிருந்தது. சேத்தூரில் ஒரு வீட்டில், மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததைவிட ஜன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது பொய்யில்லை. ஆனால் காரணம் வண்டி இல்லை. பெண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் மாமா வண்டியைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கூச்சம் அம்மாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் வந்திருந்தது. மாமாவுக்கு முக்கால் பங்கு, எனக்கு முழுப் பங்கு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லக் குரல் வராமல் நான் எத்தனையோ நாள் வராதவளாகியிருக்கிறேன்.

ஐந்தாவதாக வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் இடம். பெண்ணின் அப்பா பால் வேன் ஓட்டுகிறவர். மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அம்மா அந்த வாரம் முழுக்க மாமாவிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே நான் யாரு வீட்டுப் படியும் ஏற மாட்டேன். நீ அந்தப் பிளசருக்கே தாலியக் கட்டிக்கோ."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொன்னால் செய்கிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போகிறவர்கள் அம்மா, அப்பா, மாமா. மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. நாலாவது ஆளாக என்னைக் கணக்கில் சேர்த்தார்கள். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளசரில் ராஜபாளையத்தைத் தாண்டி நான் போனதே இல்லை. பச்சைப் பட்டுப் பாவாடையை மத்தியானமே கட்டிக்கொண்டு, கசங்கிவிடும் என்று உட்காராமலே நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். பெண் வீட்டில் ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். நாலே காலுக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவது; புறப்பட்டது நல்ல நேரம் ஆகிவிடும். அப்புறம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பது. அப்படியே செய்தோம். வீட்டுக்குத் திரும்பக் கூடாது, தாம்பூலத் தட்டைக் கீழே வைக்கக் கூடாது. தட்டு அம்மாவின் மடியில் இருந்தது.

மாமாவால் வண்டிக்குள் சும்மா உட்கார முடியாது. திரும்பி வரும்போது இருட்டிவிடுமே என்று விளக்குகளைப் போட்டுப் பார்க்க இறங்கினார். முன் விளக்கு இரண்டும் எரிந்தன. பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இடது பக்கம் எரியல அத்தான்."

"பின்னாடி எரியிறத எவன் பார்க்கப் போறான் மாப்ள? ஏறு," என்றார் அப்பா.

அம்மா தட்டோடு திரும்பினாள். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி ஒத்த விளக்கோட போறதா? ரெண்டும் எரியணும். இல்லாட்டி ரெண்டையும்..." என்று ஆரம்பித்தவள், நல்ல நாளில் அணைக்கிற பேச்சு எதற்கு என்று அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

மாமா டிக்கியிலிருந்து திருப்புளியை எடுத்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். சிவப்புக் கண்ணாடி கையோடு வந்தது. உள்ளே இருந்த பல்பு துருவில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அமுக்கினார், திருகினார், மூச்சைப் பிடித்தார். கடைசியில் அது 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. உட்புறம் முழுக்கக் கறுத்துப்போன பல்பு. ஆட்டினால் உள்ளே ஏதோ முடி மாதிரி ஒன்று அலைந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, ரோட்டுக்கு எதிரே இருந்த மோட்டார் சாமான் கடையைக் காட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா பாப்பா. நான் வந்தா அவரு விட மாட்டாரு."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கடைக்காரர் கேலி பண்ணுகிறவர். இரண்டு கோழைகளில் சின்னக் கோழையாக நான் ரோட்டைக் கடந்து போனேன்.

கடைக்காரர் பல்பை வாங்கிப் பார்த்தார். பிறகு மரத்தடியில் பளபளவென்று நிற்கிற வண்டியையும், என் பட்டுப் பாவாடையையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஏமி பாப்பா, அஞ்சாவது இடமா? எந்த ஊரு? வில்லிபுத்தூரா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன அட்டைப் பெட்டியிலிருந்து புதுப் பல்பை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இங்க பாரு. பித்தளையில ரெண்டு பொட்டு இருக்கா? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டும் ஒரே மட்டம் இல்ல. உங்க மாமா வண்டி ஹோல்டரு தேஞ்சுபோன ஹோல்டரு. எப்படி வச்சாலும் உள்ள போயிரும். பார்த்து மாட்டச் சொல்லு. திருப்பி மாட்டுனா சின்ன விளக்கு எரிய வேண்டிய இடத்துல பெரிய விளக்கு எரியும். சொல்லிருவியா?"

தலையாட்டினேன். ரோட்டைக் கடக்கும்போதே சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். 'ஒரு பொட்டு மேல, ஒரு பொட்டு கீழ, பார்த்து மாட்டணுமாம்.' நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் வந்தபோது அங்கே அம்மாவும் அப்பாவும் பெரிய வழக்கில் இருந்தார்கள்.

"கழத்துனது கெட்டுப்போனத. அதுக்கு ராகுகாலம் பரவாயில்ல," என்றாள் அம்மா. "புதுசு மாட்டுறது ஆறு மணிக்குப் பொறவுதான்."

"பல்புக்குமா ஜாதகம் பார்ப்ப?"

"ஆமா. நாலு இடம் தட்டிப் போச்சுல்லா? அப்பல்லாம் நான் பார்க்கல. இப்பப் பார்க்கேன்."

மாமா கையில் திருப்புளியோடு அம்மாவைப் பார்த்தார். மாட்டினால் ஒரு நிமிஷ வேலை. அம்மா அசையவில்லை. பல்பு என்னிடமே இருக்கட்டும் என்று ஆனது. மாமா ஒரு துண்டு பேண்டேஜ் துணியில் அதைச் சுற்றி என் கையில் கொடுத்தார். என் வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பல்பை வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் ஆயுளில் யாரும் அவ்வளவு முக்கியமான ஒன்றை என்னிடம் கொடுத்தது கிடையாது. துணியைக் கொஞ்சம் விலக்கி விலக்கிப் பார்த்தேன். உள்ளே எறும்புக் கால் மாதிரி இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று மெலிசு. மேற்கே மலைப் பக்கம் வெயில் இறங்க இறங்க, அந்தச் சுருள்கள் இப்போதே எரிகிற மாதிரி மின்னின. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நேரம் ஆக ஆக, இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கூச்சம் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். முதல் நிமிஷத்தில் சொல்லாததை அறுபதாவது நிமிஷத்தில் சொல்வது அறுபது மடங்கு கஷ்டம்.

"ஆறு ஆச்சு," என்றார் அப்பா, கடிகாரத்தைப் பார்த்து.

மாமா பாய்ந்து இறங்கினார். அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். "கொடு பாப்பா, கொடு கொடு!" துணியை உருவி, பல்பை அமுக்கித் திருகினார். என் வாய் திறந்தது. அதற்குள், "நீ இங்கயே நின்னு பாரு, நான் போடுறேன்," என்று முன்னால் ஓடிவிட்டார். ஓட்டுகிறவரால் தன் வண்டியின் பின்விளக்கைப் பார்க்க முடியாது. யாராவது பின்னால் நிற்க வேண்டும். அன்றைக்கு அந்த யாரோ நான்.

இடது விளக்கு எரிந்தது! சும்மா எரியவில்லை, வலது விளக்கைவிட இரண்டு பங்கு பிரகாசமாக எரிந்தது. "எரியுதா?" என்றார் மாமா. கத்த எனக்குக் குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவருக்கு முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அது தெரிந்தது. "பிரேக்கு?" வலது விளக்கும் பிரகாசமாக எரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி. ஆட்டினேன். புதுப் பல்பு என்பதால் கூடுதல் வெளிச்சம், கடைக்காரர் பயந்தது சும்மா என்று நினைத்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சிவப்புக் கண்ணாடியை மூடி ஸ்க்ரூவை முடுக்கினார் மாமா. கிளம்பினோம்.

அந்தப் பயணத்தை நான் என்ன சொல்ல! புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து வண்டி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும்போது பஸ்ஸிலிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். மாமா ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணப் பாருலே, வண்டியப் பார்க்காத," என்று அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெண் வீட்டு வாசலில் பால் வேன் நின்றதால், நாங்கள் அதைத் தாண்டிப் போய் நிறுத்தினோம். எங்கள் வண்டியின் முதுகு அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்தது. பெண் காப்பித் தட்டோடு வந்தார். மெலிந்த, உயரமான அக்கா. மாமா காப்பியை எடுத்துக்கொண்டு, அம்மா சொன்னபடி எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே பால் வேனைப் பார்த்தார். அக்கா உள்ளே போனதும், அவருடைய அம்மா எனக்குப் பால்கோவா தருவதாக அடுக்களைக்கு அனுப்பினார். அங்கே அக்கா ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"பிளசருக்கு இடது பக்கத்துப் பல்ப யாரு மாட்டுனது?"

"மாமா."

"திருப்பி மாட்டியிருக்காவ. ஜன்னல்ல நின்னு பார்த்தேன். பிரேக்கு போட்டப்ப வலது பக்கம் பளிச்சுன்னுச்சு, இடது பக்கம் இருந்த மாதிரியே இருக்கு. பிரேக்குக்கு எரிய வேண்டியது சும்மாவே எரியுது. ராத்திரி பின்னாடி வார லாரிக்காரனுக்கு நீங்க நிக்கியளா போறியளான்னே தெரியாதே."

பால்கோவா என் வாயிலேயே நின்றது. அவர் அப்பா விடியுமுன்னே வத்திராயிருப்புப் பக்கம் பால் எடுக்கப் போகிறவராம். தினமும் வேனுக்குப் பின்னால் நின்று விளக்குப் பார்த்துச் சொல்வது அக்காவாம். எட்டு வயதிலிருந்து செய்கிறாராம்.

எங்கிருந்து வந்ததோ, எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "கடைக்காரரு சொன்னாரு. ஒரு பொட்டு மேல, ஒரு பொட்டு கீழன்னு. நான்தான் மாமாட்டச் சொல்லல."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரி, இப்பப் போயிச் சொல்லு."

"எல்லாரும் இருக்காங்க."

"இருந்தா என்ன? ராத்திரி நீங்க நாலு பேரும் அந்த வண்டியிலதான போகணும்? போ."

முன் அறைக்குப் போய்க் கதவோரம் நின்றேன். அங்கே பேச்சு வற்றிப் போயிருந்தது. அக்காவின் அம்மா மாமாவிடம் கேட்ட இரண்டு கேள்விக்கும் அப்பாதான் பதில் சொல்லியிருந்தார் போல. "மாப்பிள்ளை பேசவே மாட்டாகளோ?" என்று அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார். அம்மாவின் கை தாம்பூலத் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. மாமாவின் காது சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, யாருடைய குரல் என்று எனக்கே தெரியாத ஒரு குரலில் நான் கத்தினேன்.

"மாமா! பல்பு தலைகீழா இருக்காம்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஐந்தாவது இடமும் தட்டிப் போயிருந்தது.

"யாரு சொன்னா?" என்றார் அக்காவின் அப்பா. நான் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டே எழுந்தார். "எம் மக சொன்னா சரியாத்தான் இருக்கும். வாங்க தம்பி, செத்த நேரத்துல பார்த்துருவோம்."

மாமா நெருப்புப் பட்டவர் போல எழுந்தார். "ஆமாங்க, ஹோல்டரு தேஞ்சிருக்குங்க, மாத்தணும் மாத்தணும்னு நினைச்சேன், அந்த மாடலுக்கு இப்ப எங்கயும் கிடைக்கலங்க..." என்று வாசல் வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் அப்பா எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பிரேக்கில் கால் வைத்தார். பிறகு, தினமும் விடியுமுன்னே செய்கிற வேலை அல்லவா, பழக்கத்தில் வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார்.

"ஏட்டி, பின்னாடி வந்து நின்னு பாரு!"

அக்காவும் அதே பழக்கத்தில் வந்துவிட்டார். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் டார்ச் லைட்டு.

வாசலிலிருந்து அவருடைய அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இன்னைக்கு என்ன நாளு! பிள்ளைய ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்கிய!" அப்போதுதான் அக்காவின் அப்பாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கி வீட்டுக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போக மறந்துவிட்டார். அந்த அம்மா மகளைக் கூப்பிட மறுபடி வாயைத் திறக்கும்போது, பின்னாலேயே வந்திருந்த என் அம்மா அவர் கையைப் பிடித்து, "மதினி, ஒரு செம்புத் தண்ணி குடுங்களேன், தாகமா இருக்கு," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வந்ததிலிருந்து அம்மா இரண்டு செம்பு குடித்திருந்தாள். இன்னும் தாகமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வண்டிக்குப் பின்னால் மாமா, அக்கா, நான். அக்கா டார்ச்சைச் சரியாக ஸ்க்ரூவின் மேல் பிடித்தார். மாமா கண்ணாடியைக் கழற்றினார். வெறும் பல்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. மாமா விரலை நீட்டினார்.

"சுடும்!"

அக்காதான். மாமாவைப் பார்த்து, நேராக. மாமா கையைத் தொடாமலே இழுத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போலவே. அக்கா டார்ச்சைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"லைட்ட நிப்பாட்டிட்டு, துணியச் சுத்திப் பிடிக்கச் சொல்லு பாப்பா."

"மாமா, லைட்ட நிப்பாட்டிட்டு, துணியச் சுத்திப் பிடிக்கணுமாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம்."

ஒரு முழ தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதைச் செய்வதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாமா சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்துப் பல்பைச் சுற்றிக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பொட்டுகளையும் பார்த்தார். அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி, சிவப்புக் கண்ணாடியை மூடினார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்து விளக்கைப் போட்டார். தெருவில் பெண்பிள்ளை சத்தம் போடக் கூடாது. எனக்கோ சத்தம் வராது. அதனால் நான் ஓடினேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி எரியுதாம் மாமா!"

"பிரேக்கு அமுக்குறேன், பார்க்கச் சொல்லு."

பின்னால் ஓடினேன். இரண்டு விளக்கும் சேர்ந்து பளிச்சென்று சிவந்தன. முன்னால் ஓடினேன். "பளிச்சுன்னு எரியுதாம்!"

"இன்னொருக்க பார்க்கச் சொல்லு."

எரிந்தது. சொன்னேன். இன்னொருக்க என்றார். அதுவும் எரிந்தது. அக்காவும் சும்மா இருக்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கச் சொன்னார். அரை மணி என்றார் மாமா. வண்டியைத் தினமும் யார் துடைக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். நான்தான் என்றார் மாமா. இப்படியே எத்தனை தடவை ஓடினேன் என்று தெரியாது. பட்டுப் பாவாடை காலில் சுற்றியது. பல்பு இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது, அதனால்தான் மாமா அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே கவலை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் எரிந்தது. சிவப்பு வெளிச்சம் அக்காவின் முகத்தில் வந்து வந்து போனது.

கடைசியாக அக்கா குனிந்து என் காதில் சொன்னார். "வலது பக்கத்துப் பல்பும் மாத்தணும்னு சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசு வாங்கிட்டு வந்து, இங்க வச்சே மாத்தச் சொல்லு."

ஓடிப் போய்ச் சொன்னேன். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லட்டும் மாமா?" என்றேன். அவர் பிரேக்கை அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். நான் வெறுங்கையோடு பின்னால் வந்து, "மாமா ஒண்ணும் சொல்லல," என்றேன்.

"சொல்லிட்டாவ," என்று அக்கா டார்ச்சை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பி வரும்போது அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பொண்ணு பிடிச்சிருக்கால்லே? வாயத் திறந்து சொல்லேன்," என்று நாலு தடவை கேட்டாள். மாமா "ம்" என்றார், அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்தாள், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பிள்ள எதுவும் சொல்லுச்சா உங்கிட்ட?"

"பல்பப் பத்தித்தான் பேசினாங்க," என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அன்றைக்கு என் வாய் திறந்தது திறந்ததுதான். "வலது பக்கத்துப் பல்பையும் மாத்தணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க வந்து மாத்தணுமாம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்கும் விஷயம் புரியவில்லை.

"வலது பக்கம் நல்லாத்தான் எரியுது! நான் பின்னாடியே நின்னு பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுச்சு. அத எதுக்கு மாத்தணும்?"

"மாத்தத்தான் வேணும் பாப்பா," என்றார் மாமா. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், கோயிலில் நிற்கிறவர் மாதிரி அவ்வளவு பயபக்தியாகச் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கிழமையே மாத்திருவோம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். நாலு வருஷம் இந்த வண்டியோடேயே கிடந்தவர். இவருக்குக்கூட எரிகிற பல்புக்கும் எரியாத பல்புக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று நினைத்தபோது, அந்தப் பத்து வயதில் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.